.22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்: தோட்டா ஏறவில்லையா, வெடித்த தோட்டாவின் காலிக் கூடு வெளியே வரவில்லையா?

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து 30 நொடி காத்திருங்கள். பிறகு மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, போல்ட்டை (முன்னும் பின்னும் நகரும் அடைப்பு) இழுத்து, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலிதானா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள்.

தோட்டா மூக்கு முட்டி நின்றால் முதல் சந்தேகம் மேகசின் மேல். வேறொன்றைப் போட்டு ஒழுங்காக ஓடினால், பழையதன் உதடு (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்பு) வளைந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். உதட்டைக் குறடால் நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கூடு சேம்பரிலேயே நின்றால் காரணம் அநேகமாக அழுக்குதான். .22 குண்டின் மேல்பூச்சு மெழுகு கரியோடு சேர்ந்து உள்ளே கெட்டிப்படும். சால்வென்ட் தொட்ட வெண்கல பிரஷ்ஷால் தேயுங்கள். கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கடுகளவு கரி இருந்தாலே கூட்டின் விளிம்பில் பிடி நழுவும். பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். கொக்கியின் முனை மழுங்கியிருந்தால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வேகம் குறைந்த ரகத் தோட்டா போல்ட்டை முழுதும் பின்னுக்குத் தள்ளாது, அதையும் மாற்றிப் பாருங்கள்.

குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறும். துப்பாக்கி எண்ணெய் மெல்லியதாகப் போதும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகிப் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.