பிசிஆர் கேஸ் கொடுக்கப் போறீங்களா, முதல் வாரத்துல கவனிக்க வேண்டியது

சாதி பேரச் சொல்லித் திட்டிட்டாங்க, அடிச்சுட்டாங்க, கோவிலுக்குள்ள விடல, சுடுகாட்டுப் பாதைய அடைச்சுட்டாங்க, இந்த மாதிரி எது நடந்தாலும் பக்கத்துல இருக்கறவங்க சொல்றது ஒண்ணுதான், "பிசிஆர்ல கேஸ் போடு". ஆனா எப்படிப் போடறது, ஸ்டேஷன்ல என்ன கேப்பாங்க, மனுவுல என்ன எழுதணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. அதனாலதான் இத எழுதறேன், கொஞ்சம் பெருசா போகும், முழுசா படிங்க, முடிஞ்சா சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். இப்ப நமக்கு உதவற சட்டம் 1989ம் வருஷத்து எஸ்சி எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அதுக்கு 1995ல விதிகள் வந்துச்சு, 2016 ஜனவரி 26லேருந்து பெரிய திருத்தம் அமலுக்கு வந்துச்சு. மனுவுல இந்தப் பேரத்தான் எழுதணும், பிசிஆர்னு எழுத வேண்டாம், அது 1955ம் வருஷத்து குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தனிச் சட்டம். ஏன் இப்படி ஒரு தனிச் சட்டம் வேண்டியிருந்துச்சுன்னு கேட்டா கீழ்வெண்மணிய நினைச்சுப் பாருங்க, 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரு குடிசைக்குள்ள தலித் கூலி ஜனங்க 44 பேர் எரிஞ்சு செத்தாங்க, வழக்கு ஹைகோர்ட் வரைக்கும் போய் மிராசுதார்கள் விடுதலையானாங்க. சாதாரண சட்டமும் சாதாரண போலீஸும் இந்த மாதிரி பிரிஞ்சு கிடக்கிற ஊருக்குப் பத்தாதுன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டதோட விளைவுதான் இந்தச் சட்டம்.

சட்டம் நல்லாத்தான் இருக்கு. பிரச்சினை எங்கன்னா முதல் வாரத்துல, ஸ்டேஷன்ல. கேஸ் தோக்கறது கோர்ட்லன்னு நினைக்கறோம், ஆனா பாதி கேஸ் நாம எழுதிக் கொடுக்கற மனுவுலயும் அவங்க போடற செக்‌ஷன்லயும் அப்பவே தோத்துருது.

மனுவுக்கு வருவோம், இங்கதான் அதிக நேரம் செலவழிக்கணும். நெறய பேர் "என்னை தகாத வார்த்தைகளால் திட்டி அடித்து கொலை மிரட்டல் விடுத்தார்"னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறாங்க. ஸ்டேஷன்ல கேஸ் எழுதற ரைட்டர் அதப் பாத்தா அவருக்கு ரொம்ப வசதி, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) 294பி, 323, 506ன்னு போடுவாங்களே அதே மூணையும் இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல 296பி, 115(2), 351ன்னு போட்டு முடிச்சுடுவாரு. வன்கொடுமைச் சட்டம் உள்ளயே வராது, ஏன்னா மனுவுல சாதியே இல்ல. அதனால அசிங்கமா இருந்தாலும் சரி, கை நடுங்கினாலும் சரி, அவன் சொன்ன வார்த்தைய அப்படியே எழுதணும். எந்த சாதிப் பேரச் சொன்னான், அதுக்கு முன்னாடி பின்னாடி என்ன சொன்னான், அத்தனையும். வீட்டுப் பொம்பளைங்க அந்த வார்த்தைய வாயால சொல்லக் கூசுவாங்க, அது நியாயம்தான், அவங்கள ஒரு பேப்பர்ல தனியா எழுதச் சொல்லி வாங்கிக்கோங்க, ஆனா விட்டுடாதீங்க.

இப்படித் தொடங்கலாம்: "நான் இந்து ஆதிதிராவிடர் இன்ன சமூகத்தைச் சேர்ந்தவன், மேற்படி நபர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத இன்ன சமூகத்தைச் சேர்ந்தவர், இருவரும் ஒரே ஊர், எனது சாதி அவருக்கு நன்றாகத் தெரியும்." இந்த ஒரு வரி ஏன் முக்கியம்னா, இந்தச் சட்டத்துல குற்றவாளி எஸ்சி எஸ்டியா இருக்கக் கூடாது, அதனால அவங்க சாதி மனுவுலயே வரணும். அப்புறம் 2016 திருத்தத்துக்குப் பிறகு, பெரிய குற்றங்களுக்கான 3(2)(வி) பிரிவுல, பாதிக்கப்பட்டவர் எஸ்சி எஸ்டின்னு தெரிஞ்சே செஞ்சாங்கறதே போதும், சாதிக்காகத்தான் செஞ்சாங்கன்னு தனியா நிரூபிக்க வேண்டியதில்ல. 8ம் பிரிவுல இன்னொரு பலமும் இருக்கு, நம்மள பத்தியோ நம்ம குடும்பத்த பத்தியோ அவனுக்கு நேரடியா தெரியும்னா நம்ம சாதியும் தெரியும்னு கோர்ட் எடுத்துக்கணும், தெரியாதுன்னு நிரூபிக்கறது அவன் வேலை. ஒரே ஊர்ல பொறந்து வளந்தவனுக்கு எந்தத் தெரு எந்த சாதின்னு தெரியாதா என்ன.

அடுத்து, எங்க நடந்துச்சுன்னு தெளிவா இருக்கணும். 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ரெண்டு பிரிவும் அவமானப்படுத்தறது, சாதி சொல்லித் திட்டறது பத்தினது, ரெண்டுலயும் "பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்"னு ஒரு நிபந்தனை இருக்கு. 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, தனியார் இடமா இருந்தாலும் வெளியாள் பாக்கற மாதிரி கேக்கற மாதிரி இருந்தா அது பொதுப் பார்வைதான். ஆனா 2025 ஜனவரில நம்ம திருச்சி மாவட்டம் லால்குடி பக்கத்து வழக்கு ஒண்ணுல, ஒரு அரசு அலுவலகத்துக்குள்ள வச்சுத் திட்டினப்ப வெளியாள் யாரும் அங்க இல்ல, கூட வேலை செய்யறவங்க அப்புறம்தான் வந்தாங்கன்னு சொல்லி சுப்ரீம் கோர்ட் வழக்கையே ரத்து பண்ணிடுச்சு. அதனால "டீக்கடை வாசல்ல, சாயந்திரம் ஆறரை மணி, இன்னார் இன்னார் நின்னுட்டு இருந்தாங்க, அவங்க காதுல விழுந்துச்சு"ன்னு இடம், நேரம், ஆளு மூணும் மனுவுல இருக்கணும். இல்லாதத சேர்க்காதீங்க, நடந்தது மட்டும் போதும், ஒரு பொய் கலந்தா எதிர்த்தரப்பு வக்கீல் அத வச்சே மத்ததெல்லாத்தையும் உடைச்சுடுவாரு.

திட்டறது அடிக்கறது மட்டும்தான் வன்கொடுமைன்னு நெறய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. பொதுக் கிணறு, குளம், சுடுகாடு, வழிபாட்டு இடம் இதுக்கெல்லாம் போகவிடாம தடுக்கறது, தெருவுல பைக் ஓட்டக் கூடாது செருப்பு போடக் கூடாது புதுத்துணி உடுத்தக் கூடாதுன்னு தடுக்கறது, கல்யாண ஊர்வலத்த மறிக்கறது, கடையில சாமான் தராம வேலை தராம ஊரே ஒதுக்கி வைக்கறது எல்லாம் இதுல குற்றம்தான், 6 மாசத்துலேருந்து 5 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு.

காயம் இருந்தா மொதல்ல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க, டாக்டர்கிட்ட யார் அடிச்சா எதால அடிச்சான்னு சொல்லுங்க, அவர் ஏஆர்ல, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல எழுதுவாரு. பயந்துக்கிட்டு "கீழ விழுந்துட்டேன்"னு சொல்லிட்டீங்கன்னா கடைசி வரைக்கும் அது துரத்தும். பக்கத்து கடை, கோவில், பெட்ரோல் பங்க்ல சிசிடிவி இருந்தா அத எடுத்து பத்திரப்படுத்தணும்னு மனுவுலயே ஒரு வரி எழுதிடுங்க, கொஞ்ச நாள்ல பழைய பதிவு மேல புதுசு ஏறி அழிஞ்சு போயிடும். தலித் இளைஞர் கோகுல்ராஜ் கொலை வழக்குல முக்கிய சாட்சி கோர்ட்ல பிறழ்ந்தும் 2022 மார்ச்சுல மதுரை ஸ்பெஷல் கோர்ட் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்துச்சுன்னா, அதுல திருச்செங்கோடு கோவில் சிசிடிவி காட்சிக்குப் பெரிய பங்கு இருக்கு.

இப்ப ஸ்டேஷன். மனுவ ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, தனியா போகாதீங்க. அங்க மூணு விஷயம் நடக்கலாம்.

ஒண்ணு, "சரி வச்சுட்டுப் போங்க"ன்னு சொல்லி ஒரு சிஎஸ்ஆர் ரசீது தருவாங்க. தமிழ்நாட்டுல அந்த ரசீத பாத்துட்டு கேஸ் போட்டாச்சுன்னு நம்பி வீட்டுக்கு வந்தவங்க எக்கச்சக்கம். சிஎஸ்ஆர் எஃப்ஐஆர் கிடையாது, மனு வந்துச்சுங்கறதுக்கு ரசீது அவ்ளோதான். "சார் எஃப்ஐஆர் நம்பர் வேணும்"னு மரியாதையா ஆனா விடாம கேளுங்க.

ரெண்டாவது, "விசாரிச்சுட்டு போடறோம், டிஎஸ்பி விசாரிக்கணும்"னு சொல்வாங்க. விசாரணை டிஎஸ்பி ரேங்க்ல உள்ளவர்தான் பண்ணணுங்கறது 7ம் விதிப்படி உண்மை, ஆனா அது எஃப்ஐஆர் போட்டதுக்கு அப்புறம். எஃப்ஐஆர் போடறதுக்கு முன்விசாரணை தேவையில்லன்னு 18ஏ பிரிவு தெளிவா சொல்லுது. அந்தப் பிரிவு சும்மா வரல, 2018 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட் முன்விசாரணை வேணும்னு தீர்ப்பு சொல்ல, ஏப்ரல் 2 அன்னைக்கு நாடு முழுக்க ஜனங்க ரோட்டுக்கு வந்து போராடினாங்க, அதுல உயிரும் போச்சு, அதுக்கப்புறம்தான் பார்லிமெண்ட் அந்த வருஷமே இத சேர்த்துச்சு, 2020 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு. இப்ப புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173(3)ல மூணு வருஷத்துலேருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றங்களுக்கு 14 நாள் முன்விசாரணைன்னு ஒண்ணு இருக்கு, அதக் காட்டி இழுக்கப் பாத்தா 18ஏவயும், மத்த சட்டங்களுக்கு மேல இந்தச் சட்டம்னு சொல்ற 20ம் பிரிவயும் சொல்லுங்க.

மூணாவதுதான் ரொம்ப ஆபத்து, "ஒரே ஊர்ல இருக்கப் போறீங்க, பேசி முடிச்சுக்கலாமே"ன்னு அன்பா சொல்வாங்க. உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுப்பாங்க, ஊர்ப் பெரியவங்களயும் வரச் சொல்லியிருப்பாங்க. ஸ்டேஷன்ல உக்காந்து சமாதானம் பேசி மூடக்கூடிய குற்றம் இல்ல இது. வெள்ளைப் பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போடாதீங்க, "மேல் நடவடிக்கை தேவையில்லை"ன்னு எழுதினதுலயும் போடாதீங்க.

வாயால சொன்னா அவங்க எழுதி, நமக்குப் படிச்சுக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்கணும், எஃப்ஐஆர் காப்பி உடனே இலவசமா தரணும், சரியான பிரிவுல போடணும், 60 நாளுக்குள்ள சார்ஜ் ஷீட் போடணும். இதெல்லாம் போலீஸோட கடமை, வேணும்னே செய்யாம விட்டா எஸ்சி எஸ்டி அல்லாத அரசு ஊழியருக்கு 4ம் பிரிவுல 6 மாசத்துலேருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா துறை விசாரணை நடந்து பரிந்துரை வந்தாத்தான் அந்தப் பிரிவுல வழக்கு போட முடியும்னு ஒரு தடை வச்சுட்டாங்க, என்னப் பொறுத்தவரை இந்தச் சட்டத்தோட பெரிய ஓட்டை அதுதான்.

எஃப்ஐஆர் போடலன்னா சண்டை போட்டுட்டு நிக்காதீங்க, அப்படியே "பணி செய்ய விடாமல் தடுத்தார்"னு நம்ம மேலயே கேஸ் வந்துரும். அன்னைக்கே மனுவ எஸ்பிக்கு, போய்ச் சேந்ததுக்கான அத்தாட்சியோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, சென்னை மாதிரி சிட்டின்னா கமிஷனருக்கு. காப்பி கலெக்டருக்கும், மாவட்ட சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும். 14566ன்னு வன்கொடுமைக்கான தேசிய ஹெல்ப்லைன் இருக்கு, இலவசம், புகார் பதிவு பண்ணி நம்பர் வாங்கிக்கோங்க. திங்கக்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துல நேர்லயும் கொடுங்க. எஸ்பியும் அசையலன்னா வக்கீல் வச்சு கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீலுக்குக் காசு இல்லன்னு யோசிக்காதீங்க, எஸ்சி எஸ்டி மக்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே அந்த ஆபீஸ் இருக்கும், போன் 15100.

எதிர்த்தரப்பே அரசாங்க ஆளா இருந்தா? வாச்சாத்திய மறக்காதீங்க. 1992 ஜூன்ல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஒரு பழங்குடி கிராமத்தயே சூறையாடினாங்க, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானாங்க, மொத்தம் 269 பேர் மேல வழக்கு, 2011ல தீர்ப்பு வர்றதுக்குள்ள அதுல 54 பேர் செத்தே போயிட்டாங்க, மீதி 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு, 2023ல ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. உள்ளூர் ஸ்டேஷன நம்பியிருந்தா அது நடந்தே இருக்காது, சங்கமும் கட்சியும் கூட நின்னு ஹைகோர்ட் போய் சிபிஐ விசாரணை வாங்கினதாலதான் நடந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல நேரா மேல போங்க, அமைப்புகளோட போங்க.

எஃப்ஐஆர் போட்டதும் நிவாரணம் கேட்டு வாங்கணும். இது பிச்சை இல்ல, விதி. 2016 விதிப்படி குற்றத்தப் பொறுத்து 85,000 ரூபாயிலேருந்து 8,25,000 வரைக்கும் இருக்கு, தமிழ்நாடு அரசு அதுக்கு மேலயும் கூட்டியிருக்கு. அவமானப்படுத்தின வழக்குல எஃப்ஐஆர் நிலையில 25 சதவீதம், சார்ஜ் ஷீட் போனதும் 50, தண்டனை ஆனா மீதி 25. உடனடி நிவாரணம் ஏழு நாளுக்குள்ள வரணும். கொலைன்னா போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சதும் பாதி, அதோட குடும்பத்துக்கு மாசப் பென்ஷன், ஒருத்தருக்கு வேலைன்னும் இருக்கு. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துல எஃப்ஐஆர் காப்பி, சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் வச்சு கேளுங்க.

சாதிச் சான்றிதழ்னு சொல்றப்ப ஒண்ணு சொல்லியே ஆகணும். மதம் மாறின தலித் கிறிஸ்தவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஏன்னா 1950ம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான் எஸ்சி. பழங்குடிகளுக்கு அந்தத் தடை இல்ல. அதே தெருவுல அதே சாதி சொல்லி அதே அடி வாங்கினாலும் ஒரு வீட்டுக்கு சட்டம் உண்டு, பக்கத்து வீட்டுக்கு இல்ல. என் மனசுக்கு இது சுத்தமா ஒப்பல, ஆனா கேஸ் போடறப்ப தெரிஞ்சு வச்சுக்கணும், சான்றிதழ்ல என்ன இருக்குன்னு மொதல்ல பாருங்க.

ரெண்டு மூணு நாள்ல அவங்க பக்கத்துலேருந்து நம்ம மேல எதிர் கேஸ் வரும், பெரும்பாலும் வரும். நம்ம பசங்க நாலு பேர் பேரப் போட்டு அவங்களும் அடிபட்டதா கொடுப்பாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் வாபஸ் வாங்கிக்கோன்னு பேச்சு வரும். பதறாதீங்க, அன்னைக்கு அந்தப் பசங்க எங்க இருந்தாங்கன்னு ஆதாரம் எடுத்து வைங்க. மிரட்டினா அத தனி மனுவா கொடுங்க, சாட்சிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் பாதுகாப்பு கொடுக்கறது 15ஏ பிரிவுல அரசாங்கத்தோட கடமை.

இந்தச் சட்டத்துல முன்ஜாமீன் கிடையாது, ஆனா மேலோட்டமா பாத்தாலே வழக்கு இல்லன்னு தெரிஞ்சா கோர்ட் கொடுக்கும், அதுக்குத்தான் மனு அவ்வளவு கவனமா எழுதச் சொன்னேன். ஜாமீன் மனு வந்தா நமக்கு நோட்டீஸ் வரணும், நம்மள கேக்கணும், இது கட்டாயம்னு 2021ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. நோட்டீஸ் வரலன்னா கோர்ட்ல அத சொல்லி எழுத்துல ஆட்சேபணை கொடுங்க. அரசு வக்கீல் மேல நம்பிக்கை இல்லன்னா, நமக்கு நம்பிக்கையான மூத்த வக்கீல போடச் சொல்லி கலெக்டர்கிட்ட கேக்கலாம், 4(5) விதில அந்த வழி இருக்கு. சாட்சிங்க கூலி விட்டுட்டு வர்றவங்க, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவங்களுக்குப் பயணப்படியும் அன்னைக்குச் செலவும் 11ம் விதிப்படி உண்டு, பஸ் டிக்கெட்ட தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு வச்சு அப்பப்ப மனு எழுதி கேளுங்க.