டிக்கெட் போடும் முன் இஞ்சு டேப்பை எடுங்கள்

வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறீர்கள் என்றால், டிக்கெட் போடும் முன் குழந்தையைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலைப் படுக்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிடுங்கள். அங்கே கணக்கு வயது இல்லை, உயரம்: 85 செ.மீ.க்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம், 140 வரை குழந்தைக் கட்டணம். இரண்டு வயது வாண்டுகள் பலரும் அந்த 85-ஐ ஒட்டித்தான் நிற்கும், குத்துமதிப்பாகப் போட்டால் காசு வீண். ரைடுகளுக்கும் உயரக் கட்டுப்பாடு உண்டு, எதில் ஏறமுடியாது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால், அரைமணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வாசலில் உருண்டு அழுகிற கூத்து இருக்காது (ஓரளவுக்கு!). ஹாங்காங் டிஸ்னிலேண்டில் இது டிக்கெட்டுக்கு உதவாது, அங்கே 3 முதல் 11 வயது வரை குழந்தைக் கட்டணம், உயரம் பார்ப்பது சில ரைடுகளுக்கு மட்டும். அப்புறம், சுவரில் போட்ட பென்சில் கோட்டை அழிக்காமல் பக்கத்தில் தேதியும் ஊரும் எழுதிவையுங்கள்.