வண்டியில் உட்கார்ந்தபடி கைத்துப்பாக்கி எடுப்பது: பாதுகாப்புக் காவலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நின்றுகொண்டு உருவிப் பழகிய கை, வண்டி சீட்டில் உட்கார்ந்ததும் தடுமாறும். இடுப்பு மடங்கி துப்பாக்கி உறையின் வாய் சாய்ந்துவிடுகிறது. முழங்கை பின்னால் போக இடம் இல்லை. போதாக்குறைக்கு சீட் பெல்ட் குறுக்கே கிடக்கிறது. இதில் தடுமாறுகிறவர்கள் கை வேகம் போதவில்லை என்று நினைத்து அதையே மேலும் மேலும் பழகுவார்கள். கோளாறு பெரும்பாலும் கையில் இல்லை, ஏறி உட்கார்ந்த விதத்தில் இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் வலது கைக்காரரை, வலது இடுப்பில் உறை மாட்டியவரை வைத்து. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

பெல்ட்டைத் துப்பாக்கியின் மேல் போடுவது

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். அவசரமாக ஏறி பெல்ட்டை இழுத்து மாட்டும்போது, மடியில் வரும் பட்டை துப்பாக்கியின் கைப்பிடியை மூடிக்கொண்டு போய்விடும். அதன்பின் கைப்பிடியை முழுதாகப் பிடிக்க முடியாது, துப்பாக்கி நழுவாமல் பிடிக்கும் உறையின் பூட்டில் கட்டைவிரல் சரியாக உட்காராது. பட்டை கைப்பிடிக்குக் கீழே, உடம்பை ஒட்டி, இடுப்பெலும்பின் மேல் தட்டையாகப் போக வேண்டும். வயிற்றின் மேல் ஏற்றிவிடக்கூடாது. மோதலில் அது உள்ளுறுப்புகளை நசுக்கும். சட்டை அல்லது ஜாக்கெட்டின் ஓரத்தைப் பெல்ட் மாட்டும் முன்பே துப்பாக்கிக்குப் பின்னால் ஒதுக்கிவிட வேண்டும். மாட்டிய பிறகு ஒதுக்க முயன்றால் துணி பட்டைக்கு அடியில் சிக்கி நிற்கும்.

எந்தப் பக்க சீட் என்பதைப் பொறுத்து சிக்கல் மாறும். முன் சீட்டுகளில் பக்கிள் எப்போதும் வண்டியின் நடுப்பக்கம் இருக்கும். இடது சீட்டில் உட்கார்ந்தால் பக்கிளும் உறையும் ஒரே இடுப்பில் நெருக்கியடிக்கும். பக்கிளைத் தேடும் விரல் உறையின் பூட்டில் போய் நிற்கும். வலது சீட்டில் அந்த நெருக்கடி இல்லை. ஆனால் தோள் பட்டை வலது தோளின் மேலிருந்து வருவதால், கழற்றியதும் சுருண்டு பின்வாங்கும் பட்டை வலது மணிக்கட்டையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்ளும். கதவின் கைதாங்கியும் தூணும் முழங்கையைத் தடுக்கும். ஒரு சீட்டில் பழகியது மறு சீட்டுக்கு உதவாது.

இரண்டு சீட்டுக்கும் பொதுவான விதி: பக்கிளை அழுத்துவது இடது கை, பட்டையை ஒதுக்குவதும் அதே கை. இடது சீட்டில் இடது கை வயிற்றைக் கடந்து போய் அழுத்திவிட்டு, பட்டையை இடது தோளுக்கு வெளியே தள்ள வேண்டும். வலது சீட்டில் அழுத்திய கையிலேயே பட்டையின் நாக்கை (பக்கிளில் செருகும் தகட்டை) பிடித்து, வலது பக்கம் முழுதாகக் கொண்டுபோய் விட வேண்டும். பட்டை விலகிய பிறகே வலது கை உறைக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பவர்தான் பட்டையின் வளையத்துக்குள் கையை விட்டு மாட்டிக்கொள்வார்.

இன்னொன்று. பயத்தில் உடம்பு முன்னால் பாயும். பாய்ந்தால் பெல்ட்டின் சுருள் பூட்டிக்கொள்ளும். அது அதற்காகவே செய்யப்பட்டது. பட்டை விறைத்துவிட்டால் பக்கிள் பொத்தானை அழுத்துவதும் கடினம். முதலில் பொத்தான், பிறகுதான் உடம்பு.

இவ்வளவு தொல்லை எதற்கு, பெல்ட்டே போடாமல் இருந்துவிடலாமே என்று சிலர் முடிவெடுப்பார்கள். காவலரின் வேலைநாளில் துப்பாக்கி தேவைப்படும் நிமிடத்தைவிட விபத்து நேரும் வாய்ப்பு மிக அதிகம். எச்சரிக்கை ஒலியை நிறுத்த வெறும் நாக்கைச் செருகி வைப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

உடம்பிலிருந்து கழற்றி வண்டியில் வைப்பது

உறை இடுப்பில் உறுத்துகிறது என்று துப்பாக்கியைத் தொடைக்கு அடியிலும் கதவுப் பையிலும் சீட் இடுக்கிலும் வைப்பார்கள், டேஷ்போர்டுக்குக் கீழே காந்தம் ஒட்டியும் வைப்பார்கள். நிரப்பிய முழு அளவு பிஸ்டல் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி இருபதில் ஒரு நொடியில் நின்றால், அந்தப் பொருளின் மேல் அதன் எடையைப் போல் 28 மடங்கு விசை செயல்படும். காந்தம் அதைத் தாங்குமென்று நம்ப முடியாது. பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போனால் விபத்தே அதனால்தான் நடக்கும். கதவுப் பையில் துப்பாக்கியின் விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பாகம்) திறந்து கிடக்கும். சாவிக்கொத்தும் பேனாவும் அதே பையில்தான். வண்டியை விட்டு ஓட வேண்டி வந்தால் துப்பாக்கி உள்ளேயே தங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறையின் தேர்விலேயே தவறுவது

முதுகை ஒட்டி வெகுவாகப் பின்னால் மாட்டிய உறை சீட்டின் பக்க மேட்டில் அமுங்கிவிடும், எடுக்கவே முடியாது. இடுப்பின் பக்கவாட்டு நடுவில், அல்லது அதற்குச் சற்று முன்னால் இருந்தால் கை எட்டும். மிக உயரமாக மாட்டினால் உட்காரும்போது கைப்பிடி விலாவில் முட்டும், குண்டு துளைக்காத உடுப்பின் கீழ் விளிம்பும் அதன் மேல் ஏறும். கிடைமட்டமாக மாட்டும் தோள் உறையில் குழல் வாய் (குண்டு வெளியே வரும் முனை) பின் சீட்டில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்க இடுப்பிலிருந்து உருவும் உறை உட்கார்ந்தவருக்கு வசதி என்பார்கள். வசதிதான், ஆனால் உருவும்போது குழல் வாய் பக்கத்தில் இருப்பவரைக் கடந்து வெளியே வரலாம். வண்டியில் ஒருவர் மட்டும் இருந்தால் யோசிக்கலாம். இருவர் என்றால் வேண்டாம்.

மெல்லிய நைலான் உறை எங்குமே கூடாது, சீட்டில் கூடவே கூடாது. பக்க மேடு அழுத்தும்போது துணி மடிந்து விசைக்குள் நுழையும். விசைப் பகுதியை முழுதாக மூடும், அழுத்தினால் வளையாத உறைதான் தேவை. அதைத் தாங்கும் இடுப்புப் பெல்ட் குறைந்தது 38 மி.மீ. அகலம், பணிப் பெல்ட் என்றால் 57 மி.மீ. பெல்ட் தொளதொளவென்றிருந்தால் உருவும்போது உறையும் கூடவே மேலே வரும்.

குழல் வாய் போகும் பாதையை யோசிக்காமல் உருவுவது

உட்கார்ந்திருப்பவரின் தொடைகள் இரண்டும் குழல் வாய்க்கு நேர் முன்னால் நீண்டு கிடக்கின்றன. தொடையின் உள்பக்கம் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது; அதில் குண்டு பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். வேகத்தைவிட இந்தப் பாதைதான் முக்கியம்.

முதலில் உடம்பை உறைக்கு எதிர்ப்பக்கமும் சற்று முன்னாலும் சாய்க்க வேண்டும். அப்போதுதான் இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவே கை நுழைய இடம் கிடைக்கும். கைப்பிடியை முழுதாகப் பிடித்த பிறகு பூட்டை விடுவிக்கலாம். சுட்டுவிரல் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டியே இருக்க வேண்டும். பிறகு நேர் மேலே, குழல் வாய் உறையை முழுதாகத் தாண்டும் வரை. பாதியிலேயே முன்னால் வளைத்தால் அது சொந்தத் தொடையைத் துடைத்துக்கொண்டு போகும். தாண்டியதும் முழங்காலுக்கு மேலாக முன்னோக்கி. இடது கை அதுவரை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். குழல் வாய் அதைக் கடந்து முன்னால் போன பிறகே கைப்பிடியில் சேரலாம்.

ஓட்டுநர் சீட்டில் ஸ்டீயரிங்குக்கு அடியில் கொண்டுபோனால் மணிக்கட்டு இடித்து, குழல் வாய் முழங்கால்களுக்கு நடுவே சிக்கும். மேலாகத்தான் போக வேண்டும். அப்படிப் போகும்போது துப்பாக்கி ஏர்பேக்குக்கும் முகத்துக்கும் நடுவே வந்துவிடுகிறது. ஏர்பேக் ஏறக்குறைய இருபதில் ஒரு நொடியில் விரியும். எனவே ஓடும் வண்டியில் ஓட்டுநர் துப்பாக்கியை எடுப்பது என்ற பேச்சே இருக்கக்கூடாது. அவர் வேலை வண்டியை அங்கிருந்து வெளியே கொண்டுபோவது.

ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்காரும் காவலருக்கு உறை அவர்கள் இருவருக்கும் நடுவே இருக்கும். அங்கே பக்கவாட்டில் சுழற்றினால் ஓட்டுநரின் தொடையைக் கடக்கும். நேர் மேலே, பிறகு டேஷ்போர்டை நோக்கி முன்னால், அவ்வளவுதான். பின் சீட்டுக் காவலருக்கு முன்னால் இருப்பது சக ஊழியர்களின் முதுகு, நடுவே ஒரு பஞ்சு சீட்டு. அவர் இறங்கிய பிறகு உருவுவதே முறை. யார் எந்த நிலையில் என்ன செய்வது என்பதைப் பணி தொடங்கும் முன் வாயால் பேசி முடித்திருக்க வேண்டும்.

எடுக்கத் தேவையில்லாத இடத்தில் எடுப்பது

எஞ்சின் ஓடுகிறது, முன்னாலோ பின்னாலோ வழி இருக்கிறது என்றால் முதல் பதில் வண்டிதான். முன் வண்டியின் பின் டயர் கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விட்டு நிறுத்தினால் ஒடித்துத் திருப்பி வெளியேறலாம். ஒட்டி நிறுத்திவிட்டு உறையில் கை வைப்பது தவறான வரிசை. வண்டிக் கதவின் தகடு தோட்டாவை நிறுத்தாது என்பதால் உள்ளேயே இருந்து எதிர்ப்பது கடைசி வழி. மூடிய வண்டிக்குள் ஒரு முறை சுட்டால் ஓசை 140 டெசிபலைத் தாண்டும். அதற்குப் பிறகு சக காவலர் கத்துவதும் வானொலிக் கருவியும் காதில் விழுமென்று எதிர்பார்க்க வேண்டாம். சண்டையிடும் வேறு வண்டி ஓட்டுநரைப் பயமுறுத்த ஜன்னலில் துப்பாக்கியைக் காட்டுவது பல நாடுகளில் தனிக் குற்றம்.

காவல்துறை உங்கள் வண்டியை நிறுத்தினால் இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேலோ டேஷ்போர்டு மேலோ தெரியட்டும். ஆயுதம் இருப்பதையும் இருக்கும் இடத்தையும் வாயால் சொல்லுங்கள். காட்டுவதற்காகக்கூடக் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சீட்டிலேயே உறைக்குள் திருப்பிப் போடுவது

உருவும்போது நடப்பதைப் போலவே, சில இடங்களில் அதைவிடவும் ஆபத்து திருப்பிப் போடும்போதுதான். உறையின் வாய் கண்ணுக்குத் தெரியாது; ஜாக்கெட்டின் இழுகயிறு, சட்டை ஓரம், பெல்ட் பட்டை எதுவும் விசைப் பகுதிக்குள் நுழைந்துகொள்ளலாம். தள்ளுகிற அழுத்தமே விசையை இழுத்துவிடும். அவசரமில்லாத வேலை இது. பாதுகாப்பான இடம் வந்து, இறங்கி நின்று, துணியை ஒதுக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்துப் போடுங்கள். உள்ளே போகையில் எதிலாவது இடித்தால் தள்ளாதீர்கள். வெளியே எடுத்து என்னவென்று பாருங்கள்.

பயிற்சியில் நடப்பவை

தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு வண்டியில் பழகுவது நினைத்தே பார்க்கக்கூடாதது. நீலமோ சிவப்போ நிறத்தில் வரும் சுடாத மாதிரித் துப்பாக்கி சிறந்தது. சொந்தத் துப்பாக்கிதான் என்றால் மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையை) கண்ணாலும் விரலாலும் பார்த்து, இன்னொருவரையும் பார்க்கச் சொல்லி, தோட்டாக்களை வண்டிக்கு வெளியே வேறிடத்தில் பூட்டுங்கள். எஞ்சின் நின்று, கை பிரேக் இழுத்திருக்கட்டும். வெளியார் கண்ணில் படாத மூடிய இடமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் யாராவது காவல்துறையை அழைப்பார்கள்.

ஒரு சீட்டுக்குப் பத்து முறை, மெதுவாக, பணியில் அணியும் அதே உடுப்போடு. டி-சர்ட்டில் பழகிவிட்டு மழைக்கோட்டில் பணிக்குப் போவது பயிற்சியே அல்ல. முதல் ஐந்து முறை துப்பாக்கியை உருவவே வேண்டாம்: பொத்தான், பட்டை, சாய்வு, கைப்பிடி, அங்கேயே நிறுத்தம். பக்கத்தில் ஒருவர் குழல் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தொடையையோ கையையோ கடந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். முடிந்ததும் முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லி, மாதிரித் துப்பாக்கியை எடுத்து வைத்த பிறகே தோட்டாக்களைத் திறக்கலாம்.