பழைய டீசல் டிராக்டர் எஞ்சின்: பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய கனரக டிராக்டரில் இழுவை குறைந்தாலும், எஞ்சின் கிளம்ப மறுத்தாலும், பழி முதலில் எஞ்சினுக்கு அழுத்தத்துடன் டீசல் அனுப்பும் டீசல் பம்பின் மீதே விழுகிறது. உண்மையில் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பாகம். காற்று, டீசல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்துவது) ஆகிய மூன்றும் சரியாக உள்ளன என்று தெரிந்த பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில் சுற்றியும் சைலன்சரில் புகையே வரவில்லை என்றால், சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இழுத்த நிலையிலேயே இறுகி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை அடங்கி டீசல் ஒரே தாரையாக வரும்வரை கைப்பம்பை அடியுங்கள். டீசல் பம்பில் உள்ள திருகிலும் அவ்வாறே காற்றை எடுங்கள். மறுநாளும் ஏர் லாக் ஆனால் (குழாயில் காற்று அடைத்து டீசல் தடைபட்டால்), டேங்கிற்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பிற்கும் இடையிலுள்ள குழாயையும் வாஷர்களையும் சோதியுங்கள். அந்தப் பகுதி உறிஞ்சும் பக்கம் என்பதால், டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே நுழையும்.

கரும்புகைக்குப் பெரும்பாலும் அடைபட்ட ஏர் கிளீனரே காரணம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். கண் எரியும் வெண்புகை எரியாத டீசல். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகியுங்கள்.

எஞ்சின் விட்டுவிட்டு அடித்தால், ஐடிலில் (சுமையின்றி குறைந்த வேகத்தில்) ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் அரைச்சுற்று தளர்த்தி, மீண்டும் இறுக்குங்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இதைச் செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் அணிந்து, நட்டின் மேல் துணியைப் போர்த்துங்கள். கசிவைத் தேடி விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள். நாசில் வழியாக 200 பார் அளவு (காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு) அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் ஊசிக்குத்துபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிறகு அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டரின் நாசிலோடு, புது வாஷர் போட்டு, இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் நாசில் கெட்டுள்ளது. நகராவிட்டால் வால்வு இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு கம்ப்ரஷனை அளவிடுங்கள்; ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் லைனரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுவை வரவில்லை என்றால்தான் பம்பைக் கழற்றலாம். அதற்கு முன் பம்பின் விளிம்பிலும் எஞ்சின் முகப்பிலும் ஒரே நேர்கோடாகக் குறி கீறிக்கொள்ளுங்கள். குழாய் வாய்கள் அனைத்தையும் தூசி புகாதபடி சுத்தமான மூடிகளால் அடைத்துவிடுங்கள்.