வன்னி ஆஸ்பத்திரியில் முதல் மெடிசின் அப்பொயின்ட்மென்ட்: ஒரு கட்டிலில் இருந்து தொடங்குங்கள்

கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ முல்லைத்தீவுக்கோ மெடிசின் வாட்டுக்கு முதல் தடவை பயிற்சிக்குப் போகிற மருத்துவ மாணவத் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். முதல் வாரம் எல்லாரும், டொக்டர்மார் கட்டில் கட்டிலாகப் பார்த்துப் போகும் ரவுண்டின் பின்னால் ஓடுவார்கள். பத்துப் பேரின் முதுகுக்குப் பின்னால் நின்றால் அரைவாசி காதில் விழாது. ஒரு நாளைக்கு ஒரு கட்டில் போதும். அந்த ஒருவரை முழுதாகப் பாருங்கள்.

படி 1: சீட்டைத் திறக்காதீர்கள்

ரவுண்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போங்கள். யாரோடு கதைக்கலாம் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். "ஐயா, நான் மருத்துவ மாணவன். கொஞ்ச நேரம் கதைக்கலாமோ?" கட்டில் சீட்டை, அதாவது அவருடைய நோய் விபரம் எழுதிய பதிவை, அப்போது தொட வேண்டாம். மற்றவர் எழுதிய நோயின் பெயரைப் பார்த்துவிட்டால், உங்கள் கேள்வியெல்லாம் அதன் பின்னாலேயே போகும்.

படி 2: அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள்

"முட்டுது தம்பி" என்பார் ஓர் அப்பு. உடனே ஆஸ்துமா என்று எழுதிவிடாதீர்கள். நடந்தால் முட்டுதா, படுத்தால் முட்டுதா? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்கத்தான் நாம் படித்திருப்போம். பாயில் படுத்துப் பழகியவரிடம் அது எடுபடாது. "மல்லாந்து படுக்க ஏலுமோ, எழும்பி இருந்தால் சுகமோ?" என்று கேளுங்கள். எழும்பி இருந்தால் சுகம் என்றால் இதயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காய்ச்சல்காரர் ஒருவருக்கு நான் "தொழில்: விவசாயம்" என்று எழுதி நிறுத்திவிட்டேன். கடைசியாக எப்போது வயலுக்குள் இறங்கினார், காலில் புண் இருந்ததா என்று சேர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எலிக்காய்ச்சல் கிருமி அப்படிப் புண் வழியாக உள்ளே போய்க் காய்ச்சல் வரப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும், சிலவேளை ஒரு மாதம்கூட. அவ்வளவு தூரம் பின்னோக்கிக் கேட்க வேண்டும். சீனி வருத்தமும் உள்ள கமக்காரர் என்றால் மெலியோய்டோசிஸையும் மனதில் வையுங்கள். அது மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமியால் வரும் நோய்.

படி 3: மூச்சை எண்ணுங்கள்

நாடியைப் பிடித்தபடியே, ஒரு முழு நிமிடம். ஸ்டெதஸ்கோப் கடைசியில்.

படி 4: பாம்புக்கடிக்குப் பக்கத்தில் நில்லுங்கள்

புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகலாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில், அப்போதுதான் எடுத்த 2 மி.லீ இரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு தடவை சரிப்பார்கள். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர்போல ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. பிளாஸ்ரிக் குழாயும் சவர்க்காரத்தால் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும். தொடங்கிய நேரத்தைக் குழாயிலேயே எழுதுங்கள். முதல் தடவை உறைந்தது என்று விட்டுவிடக்கூடாது, திரும்பவும் செய்து பார்க்க வேண்டும். விஷமுறி மருந்து ஏற்றும்போது அட்ரினலின் ஏன் தயாராக இருக்கிறது என்றும் கேட்டுப் படியுங்கள்.

கட்டு விரியன் வேறு மாதிரி. இரவில் நிலத்தில் படுத்தவரைக் கடிக்கும், கடிவாய்கூடத் தெரியாமல் இருக்கலாம். விடிய வயிற்றுநோ என்று வருபவரிடம் இரவு எங்கே படுத்தார் என்று கேளுங்கள். மேலே பார்க்கச் சொல்லி, இமை தொங்குகிறதா என்று பாருங்கள்.

படி 5: டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்

"காய்ச்சல் விட்டுட்டுது, வீட்டை போகட்டோ?" என்று அம்மாமார் கேட்பார்கள். குருதிக்குழாயில் இருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

படி 6: இப்போது சீட்டைத் திறக்கலாம்

நீங்கள் எழுதியதோடு ஒப்பிட்டு, தவறவிட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவுண்டில் அதே நோயாளரைப் பற்றிச் சொல்லுங்கள். பின்னேரமும் போய்ப் பாருங்கள்.

அப்புறம், அவர் வீடு போகும் நாளில் பக்கத்தில் இருந்து, எந்தக் குளிசை எப்போது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பிரசர் குளிசையைக் காட்டி "இது தலையிடிச்சால் மட்டும்" என்பார். பஸ் ஏறுவதற்குள் திருத்திவிடலாம்.