பெங்களூருக்குக் குடும்பத்தோடு மாறுகிறீர்களா? ஏரியா தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆஃபர் லெட்டர் வந்த அன்று இரவே மேப்பைத் திறந்து, ஆபீஸைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் வாடகை வீடு தேடத் தொடங்குவதுதான் வழக்கம். வீடு பிடித்துப்போனால் அட்வான்ஸ். பிள்ளைக்குப் பள்ளி அதற்குப் பிறகு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது சாமான் இறக்கிய மறுநாள் தெரியும். தனியாளாக வருபவருக்கு இந்த வரிசையால் பெரிய நஷ்டம் இல்லை. குடும்பத்தோடு வருபவர் இதைத் தலைகீழாகப் போட வேண்டும்: முதலில் பள்ளி, அடுத்தது தண்ணீர், மூன்றாவதாக ஆபீஸ் போகும் வழி, கடைசியில் வீடு. இந்த ஊரில் ஐ.டி. வேலை இரண்டு மூன்று வருடத்தில் கைமாறும். வேலை மாறாவிட்டாலும் கம்பெனியே ஒயிட்ஃபீல்டிலிருந்து பெல்லந்தூருக்கு இடம் மாறிவிடும். பள்ளியை அப்படி மாற்றிக்கொண்டிருக்க முடியாது; ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது அட்மிஷன் ஃபீஸ், புது சீருடை, புது நண்பர்கள்.

பள்ளியைக் கடைசிக்குத் தள்ளுவது

பெயர் பெற்ற தனியார் பள்ளிகள் பலவற்றில் அடுத்த ஆண்டுக்கான சேர்க்கை முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே ஆரம்பித்துவிடும். ஏப்ரலில் வந்து நிற்பவருக்குக் கிடைப்பது யாரோ விட்டுப்போன இடம்தான். அது வீட்டிலிருந்து 12 கிலோமீட்டரில் இருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் வயது. ஊரில் ஐந்து வயது நிரம்பியதும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துப் பழகியிருப்போம். கர்நாடக விதிப்படி ஜூன் 1 அன்று 6 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2025-26 கல்வியாண்டுக்கு மட்டும் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் 5 வயது 5 மாதம் என்று தளர்த்தினார்கள். ஆகஸ்டில் பிறந்த குழந்தை யு.கே.ஜி.யை நன்றாக முடித்திருந்தாலும் இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார வேண்டி வரலாம். வீட்டுப் பேச்சுக்கு முன் இதைப் பள்ளியில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கன்னடம். 2015-ஆம் ஆண்டின் கன்னடம் கற்றல் சட்டப்படி சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. உட்பட எல்லாப் பள்ளிகளும் கன்னடத்தை ஒரு மொழிப்பாடமாகக் கற்பிக்க வேண்டும். சின்ன வகுப்பில் சேரும் குழந்தை ஆறு மாதத்தில் உங்களுக்கே கன்னடம் சொல்லிக்கொடுக்கும், கவலை வேண்டாம். ஏழாம், எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளையின் கதை வேறு. வெளிமாநிலத்திலிருந்து வருபவருக்கு எந்த நிலையிலிருந்து பாடம் தொடங்குவார்கள், அந்த மதிப்பெண் மொத்தத்தில் சேருமா என்று ஆசிரியரிடமே கேட்க வேண்டும். வரவேற்பு மேசையில் இருப்பவர் 'பார்த்துக்கலாம் சார்' என்றுதான் சொல்வார்.

பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் நேரடியாகச் சொல்லிவிடலாம்: பத்து முடியும்வரை குடும்பத்தை நகர்த்தாமல் இருப்பது நல்லது. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியப் பதிவு நடந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் நேரடிச் சேர்க்கைக்கு வாரியத்தின் அனுமதி தேவை. ஒரு வருடம் வார இறுதி ரயிலில் அலைவது, அந்தப் பத்தாம் வகுப்பைக் குழப்புவதைவிட மேல்.

'சி.பி.எஸ்.இ. பேட்டர்ன்' என்று போர்டு வைத்திருக்கும் பள்ளியிடம் இணைப்பு எண்ணைக் கேளுங்கள். வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். பேட்டர்ன் என்பதும் இணைப்பு என்பதும் வேறு வேறு.

கடைசியாகப் பேருந்து. 'உங்க ஏரியாவுக்குப் பஸ் வருமா?' என்று கேட்டால் எல்லாப் பள்ளியும் வரும் என்றே சொல்லும். கேட்க வேண்டியது: எந்த நிறுத்தம், அது வழித்தடத்தில் எத்தனையாவது, காலையில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், மாலையில் எத்தனை மணிக்கு இறங்கும். முதல் நிறுத்தத்துப் பிள்ளை 6.40-க்கு ஏறி 8 மணிக்குப் பள்ளி சேரும். அதே பேருந்தில் கடைசி நிறுத்தத்துப் பிள்ளைக்கு 15 நிமிடப் பயணம். ஆகவே வழித்தடத்தின் கடைசி நான்கைந்து நிறுத்தங்களைக் கேட்டு வாங்கி, அந்தத் தெருக்களில் வீடு தேடுவதுதான் முறை.

கிலோமீட்டரை நம்புவது

இந்த ஊரில் தூரத்தை நிமிடத்தில் அளக்க வேண்டும். சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம் டின் ஃபேக்டரி, ஹெப்பால் ஆகிய நான்கு நெரிசல் சந்திப்புகளில் ஒன்றைக் காலையில் கடக்க வேண்டியிருந்தால் ஏழு கிலோமீட்டரும் ஒரு மணி நேரமாகலாம். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்து, 'இருபது நிமிஷத்துல வந்துட்டோமே' என்று சொல்வது பழைய கதை. மேப்பில் புறப்படும் நேரத்தைச் செவ்வாய் அல்லது புதன் காலை 8.45 என்று மாற்றிப் பாருங்கள். திரும்பும் வழிக்கு மாலை 6.30. முடிந்தால் ஒரு வேலைநாளில் அந்த வழியே போய்த்தான் பாருங்களேன்.

மெட்ரோ பாதையை ஒட்டி யோசித்தால் தேர்வு எளிதாகும். ஊதாப் பாதை சல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை 2023 அக்டோபரில் முழுமையாக ஓடத் தொடங்கியது. ஒயிட்ஃபீல்டின் ஐ.டி.பி.எல். டெக் பார்க் பக்கம் வேலை என்றால் இந்திராநகர், அல்சூர், பையப்பனஹள்ளி எல்லாம் எட்டும் தூரமாகிவிட்டன. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரையிலான மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தது. எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் ஜெயநகர், பி.டி.எம். பக்கம் குடியிருந்துகொண்டு சில்க் போர்டு நெரிசலைத் தலைக்கு மேலே கடந்துவிடலாம். 2025 பிப்ரவரிக் கட்டண உயர்வுக்குப் பிறகு அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாய். நீண்ட பயணமானால் 22 நாள் போய்வர மாதம் நாலாயிரத்தை நெருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விளம்பரத்தில் 'மெட்ரோவுக்கு அருகில்' என்றிருந்தால், ரயில் நிற்கும் நிலையமா, வேலை நடக்கும் தூணா என்று பார்க்க வேண்டும். சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் வரை அவுட்டர் ரிங் ரோட்டில் நீலப் பாதையின் வேலை 2021-இல் தொடங்கியது. வரப்போகும் ரயிலை நம்பி இன்றைக்கே கூடுதல் வாடகை கொடுப்பதில் பொருளில்லை. வாடகைக்காரருக்குக் கிடைப்பது வேலை நடக்கும் காலத்தின் தூசியும் வழிமாற்றமும்தான்.

தண்ணீரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

இதுதான் பெரிய தவறு. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலே ஏற்றப்பட்டு வருகிறது. ஊரின் பழைய பகுதிகளுக்கு அது நெடுங்காலமாக வருகிறது, பல இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். 2007-இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்கள் வெகுகாலம் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருந்தன. 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டபோது முதலில் திணறியவை இப்படிப்பட்ட புறநகர்கள்தான். அந்த ஆண்டு அக்டோபர் 16-இல் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரை அந்த 110 கிராமங்களுக்கென்று கொண்டுவந்தது. ஆனால் குழாய் தெருவுக்கு வந்தால் போதாது. கட்டடம் தனியே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, இணைப்பு வாங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் 'காவேரி இருக்கு' என்பார். பொய் சொல்கிறார் என்று இல்லை. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. கணக்கு இப்படி: ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர நீர் வழங்கலில் வைக்கும் அளவு. நால்வருக்கு 540 லிட்டர். 100 வீட்டு அடுக்ககத்துக்கு நாளைக்கு 54,000 லிட்டர், மாதம் 16.2 லட்சம் லிட்டர். குடியிருப்போர் சங்கத்திடம் கடைசி மூன்று மாதத் தண்ணீர் வாரிய பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் மாதம் 4 லட்சம் லிட்டர்தான் ஓடியிருந்தால், மீதி முக்கால் பங்கு போர்வெல் அல்லது டேங்கர்.

முழுக்க டேங்கர் என்றால், அதே 100 வீடுகளுக்கு 12,000 லிட்டர் வண்டி தினமும் நாலரை வேண்டும். 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் 5 கிலோமீட்டருக்குள் அப்படி ஒரு வண்டிக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியது. அந்த விலையிலேயே வீட்டுக்கு மாதம் 1,350 ரூபாய் ஆகிறது. வண்டி 2,000 ஆனால் 2,700. இது பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடக்கமா, தனியாகப் பிரிப்பார்களா என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஏப்ரல் மாத பில்லையும் அக்டோபர் மாத பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கட்டடத்தின் ஜாதகமே தெரிந்துவிடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். சமையலறைக் குழாயில் 1,200 காட்டினால் அது போர்வெல் தண்ணீர். கீசரின் சூடேற்றும் கம்பியிலும் குளியலறைச் சுவரிலும் வெள்ளை உப்பு படியும், முடி கொட்டுவதாக வீட்டில் புகார் வரும். தனி வீடு என்றால் சம்ப் மூடியைத் திறந்து எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். மூன்று குடித்தனத்துக்கு ஒரு 4,000 லிட்டர் சம்ப் என்றால், ஒருநாள் விட்டு வரும் தண்ணீர் ஒருமுறை தவறினாலே சண்டை தொடங்கும்.

மழை பெய்யாத மாதத்தில் பார்த்து முடிவெடுப்பது

பிப்ரவரியில் எந்த லேஅவுட்டும் அழகுதான். செப்டம்பரில் வந்து பார்க்க முடியாதவர்கள் தடயம் தேட வேண்டும். பேஸ்மென்ட் பார்க்கிங் சுவரில் கோடாக நிற்கும் நீர்க்கறை, அங்கேயே பொருத்தியிருக்கும் மோட்டார், தரைத்தள வீடுகளின் வாசலில் புதிதாகக் கட்டிய அரையடி மேடை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யெமலூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் குடும்பங்களை டிராக்டரிலும் படகிலும் மீட்டார்கள். 2025 மே மழையில் ஹொரமாவு சாய் லேஅவுட் மூழ்கியது. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே நீர் போகும் கால்வாயை இங்கே ராஜகாலுவே என்பார்கள். அது எங்கே ஓடுகிறது என்று மேப்பில் பாருங்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் கேட்டால் புரோக்கர் சொல்லாத எல்லாவற்றையும் சொல்வார்.

'லேக் வியூ' பால்கனிக்குக் கூடுதல் வாடகை கொடுக்கும் முன் ஒரு மாலை நேரத்தில் அங்கே பத்து நிமிடம் நில்லுங்கள். நாற்றமும் கொசுவும் வந்து பேசும்.

தமிழ் ஏரியாவா, ஓசூரா?

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து தங்குவார்கள் என்றால் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், ஜீவன் பீமா நகர், ராமமூர்த்தி நகர் பக்கம் பார்ப்பதில் தப்பில்லை. கடையில், மருந்தகத்தில், கோயிலில் தமிழிலேயே காரியம் நடக்கும். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது, திருவள்ளுவரும் நிற்கிறார். இவற்றில் பழைய பகுதிகளில் காவிரித் தண்ணீர் உண்டு. ஆனால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியும் கார் நிறுத்த இடமில்லாத சந்தும் அதிகம். மாடிப்படியைப் பெரியவர்களை மனத்தில் வைத்து ஏறிப் பாருங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்த பலருக்கு ஓசூர் ஆசை வரும். வாடகை குறைவு, தமிழ்நாட்டுப் பள்ளி, அதே ரேஷன் கார்டு. ஒருவர் மட்டும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தால் அது சரிவரும். கணவன் மனைவி இருவருக்கும் வேலை இருந்து, ஒருவர் ஆபீஸ் மாரத்தஹள்ளி தாண்டி என்றால் வேண்டாம். மஞ்சள் பாதை பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. அத்திப்பள்ளி எல்லையை தினமும் சாலையில்தான் கடக்க வேண்டும். காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்களில் எல்லையே நின்றுவிடும். 2023 செப்டம்பர் பந்த் நாட்களில் தமிழகப் பேருந்துகள் ஓசூரோடு நின்றன.

அட்வான்ஸ் விஷயம்

பெங்களூரில் ஐந்து முதல் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சகஜம். 35,000 ரூபாய் வாடகைக்கு ஆறு மாதம் என்றால் 2,10,000. முதல் மாத வாடகையும் புரோக்கருக்கு ஒரு மாதமும் சேர்த்தால் 2,80,000. இது பள்ளி ஃபீஸ் கட்டும் அதே மாதத்தில் கையிலிருந்து போகும். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். எவ்வளவு பிடிப்பார், மீதியை எத்தனை நாளில் தருவார் என்று எழுத்தில் இருக்கட்டும்.

'லீஸ்' என்று வந்தால் நிதானம் தேவை. நம் ஊர் போக்கியம்தான் அது: பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து உரிமையாளர் தவணை கட்டாவிட்டால் உங்கள் பணம் சிக்கிக்கொள்ளும். வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்க்காமல், பத்திரப் பதிவு செய்யாமல் கொடுக்கக் கூடாது. இடையில் ஏஜென்சி நின்றுகொண்டு 'ஓனர் வெளிநாட்டுல இருக்கார்' என்றால் அத்தோடு எழுந்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் லாக்-இன் காலம் எத்தனை மாதம் என்பதையும் பாருங்கள். பதினொரு மாதம் என்று போட்டிருந்தால் நஷ்டமில்லாமல் நடுவில் காலி செய்ய முடியாது. கம்பெனி முதல் இரண்டு வாரத்துக்குத் தங்க இடம் தந்தால் அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். தராவிட்டால் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒரு மாதம் பி.ஜி.யில் இருந்துகொண்டு தேடுங்கள். புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பள்ளி ஃபீஸ் ரசீது கைக்கு வரும்வரை வீட்டுக்கு டோக்கனுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.