பைபர் வள்ளமும் மிஷினும் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நம் ஆட்கள் முதலில் போவது, வள்ளத்தின் பின்னால் மாட்டி ஓட்டுகிற மிஷின் விற்கிற கடைக்கு. எத்தனை எச்.பி., என்ன விலை, எப்போது கிடைக்கும் என்று விசாரித்து முன்பணமும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வள்ளத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். கூட்டப்புளியில் இருந்து உவரி வரைக்கும் நான் பார்த்த நஷ்டங்களில் பல, இந்த வரிசை மாறிப்போனதால் வந்தவை. நம்முடைய கரை எப்படி, என்ன வலை போடப் போகிறோம் என்பதை வைத்து வள்ளத்தை முடிவு செய்ய வேண்டும். வள்ளம் முடிவான பிறகு மிஷின்.

நெல்லை மாவட்டத்துக் கடற்கரை நீளம் குறைவுதான். ஆனால் ஊருக்கு ஊர் கரை வேறு. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவு இருக்கிற இடத்தில் அலை அடங்கியிருக்கும், வள்ளத்தைத் தண்ணீரிலேயே விடலாம். வளைவு இல்லாத இடத்தில் ஒவ்வொரு நாளும் அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பியதும் டிராக்டர் வைத்தோ தோள் கொடுத்தோ மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். முதல் வகைக் கரைக்குச் செய்த கனமான, அணியம் (முன்பக்கம்) தாழ்ந்த வள்ளத்தை வாங்கிக்கொண்டு வந்து இரண்டாவது வகைக் கரையில் ஓட்டினால், ஆனி ஆடிக் காற்றில் முதல் அலையிலேயே தண்ணீர் உள்ளே வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற அதே காற்றுதான் நம் கடலையும் கிளப்புகிறது. பக்கத்து மாவட்டத்தில் விலை குறைவாகக் கிடைத்தது என்று வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மணலையும் பார்க்க வேண்டும். நம் கரை மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யவும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பை அறுக்கவும் பயன்படுகிற தாது. அந்த மணலின்மேல்தான் தினமும் வள்ளத்தை இழுக்கிறோம். வள்ளத்தின் அடியில் நெடுக ஓடுகிற ஏராவின் கீழே கூடுதலாக நான்கைந்து அடுக்கு பைபர் போட்டுத் தரச் சொல்லாமல் வாங்கியவர்களுக்கு, இரண்டு மூன்று வருஷத்தில் ஏரா தேய்ந்து உள்ளே இருக்கிற நூல் தெரிய ஆரம்பிக்கும். நூல் தெரிந்துவிட்டால் அந்த வழியாகக் கடல்நீர் உறிஞ்சி ஏறும். வருஷத்துக்கு ஒரு முறையாவது வள்ளத்தைச் சாய்த்துப்போட்டு அடியைப் பாருங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் இருந்த இடத்துக்கு பைபர் வள்ளங்கள் மொத்தமாக வந்தன. அவசரத்தில் கட்டிக் கொடுத்தவை நிறைய. வெளியே பளபளப்பாக இருந்ததால் யாரும் உள்ளே பார்க்கவில்லை. இன்றைக்கும் வாங்குகிறவர்கள் அதே தவறைச் செய்கிறார்கள். பெயிண்ட் அடித்த பிறகு போய்ப் பார்த்துப் பயனில்லை. உள்பக்கம் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பட்டறைக்குப் போக வேண்டும். பைபர் அடுக்குகளை ஒட்டி இறுக்குகிற பசையான ரெசின் சரியாக ஊறிய இடம் ஒரே மாதிரி இருக்கும். ஊறாத இடத்தில் பைபர் விரிப்பின் நூல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், தட்டினால் சத்தம் பொத்தென்று கேட்கும். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அணியத்தில் இருந்து பின்பக்கம் வரைக்கும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் ஒரு இடத்தில் அமுங்கினால் அங்கே அடுக்குகள் ஒட்டவில்லை. துணியில் கொஞ்சம் அசிட்டோன் நனைத்து உள்பக்கம் துடையுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் ரெசின் இன்னும் இறுகவில்லை. மழைக்காலத்து ஈரக்காற்றில், ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டை அளக்காமல் கண்ணளவில் ஊற்றி வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். இதையெல்லாம் பார்க்க விடமாட்டேன் என்கிற பட்டறையில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ரெசினிலும் வகை இருக்கிறது. ஆர்த்தோ ரெசின் விலை குறைவு. ஐசோ ரெசின் கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் தண்ணீரை நன்றாகத் தாங்கும். வள்ளம் தண்ணீரிலேயே கிடக்கப் போகிறது என்றால் வெளி அடுக்காவது ஐசோவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சில வருஷத்தில் அம்மை போட்டதுபோல் அடியில் கொப்புளம் கொப்புளமாக வரும்.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமான இடம். மிஷின் தொங்குகிற பின்பலகை. வெளியே பைபர் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பிளைவுட். மிஷினின் கனமும் அது தள்ளுகிற தள்ளலும் அலை அடிக்கிற அடியும் எல்லாம் அந்தப் பலகையில்தான் விழுகிறது. உள்ளே சாதாரண வீட்டு பிளைவுட் வைத்தார்களா, கடலுக்கான மரைன் பிளைவுட் வைத்தார்களா என்பது மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. கட்டும்போதே நேரில் பார்த்துவிட வேண்டும்.

என் தங்கை மாப்பிள்ளை வாங்கிய வள்ளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பலகை நல்ல பலகைதான். மிஷினை மாட்டும்போது நான்கு துளை போட்டு போல்ட் முடுக்கினார்கள். துளைக்குள் எதுவும் பூசவில்லை. அப்புறம் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர் கருவிக்கு இரண்டு துளை, கயிறு கட்டும் வளையத்துக்கு இரண்டு. அவ்வளவு துளை வழியாகவும் உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போனது. மூன்றாவது வருஷம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "மச்சான், போல்ட்டை எத்தனை முறுக்கு முறுக்கினாலும் மறுநாள் லூசாகுது" என்றார். போய்ப் பார்த்தேன். மிஷினைப் பிடித்து ஆட்டினால் பலகையே அசைந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றினதும் துளையில் இருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்தது. அறுத்துப் பார்த்தால் பிளைவுட் ஈரப் புண்ணாக்கு மாதிரி கையோடு வந்தது. அந்தப் பலகையோடு அவர் அதற்கு முந்தின வாரம் சிங்கி இறால் வலைக்குப் போய் வந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆகையால் பின்பலகையில் துளை போடும்போது அளவை விடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, உள்சுவர் முழுக்க ரெசின் பூசி இறுக விட்டு, அதன்பிறகு கடலுக்கான சீலன்ட் வைத்து துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை முடுக்க வேண்டும். உள்பக்கம் பெரிய வாஷர் கட்டாயம். கை முறுக்கி கிளாம்ப்பை மட்டும் நம்பி மிஷினை மாட்டுவது பெரிய தவறு. அலையில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். போல்ட்டும் வேண்டும், மிஷினை வள்ளத்தோடு சேர்த்துக் கட்டிய கயிறோ சங்கிலியோ ஒன்றும் வேண்டும்.

கட்டுமரக் காலத்து நினைப்பு ஒன்றும் நம்மிடம் மிச்சமிருக்கிறது. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது, பிடித்துக்கொண்டு கிடக்கலாம். பைபர் அப்படி இல்லை, அது தண்ணீரை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். உள்ளே மிதப்புப் பெட்டி இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த வள்ளம் மிஷினோடு கீழே போகும். வலை வைக்க இடம் போதவில்லை என்று அந்தப் பெட்டியை வெட்டித் திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பெட்டிக்குள் தெர்மாகோல் வைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். தெர்மாகோல்மேல் நேராக ரெசின் பட்டாலும் கரையும், பெட்ரோல் கசிந்து பட்டாலும் கரையும். பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சரி, மிஷினுக்கு வருவோம். "9.9 போதுமா, 15 போடலாமா?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. சுமை ஏற்றிய வள்ளம் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்போது அதன் வேகத்துக்கு நீளம்தான் வரம்பு. 25 அடி வள்ளத்துக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 6.7 நாட், 28 அடிக்கு 7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்). அதைத் தாண்ட வேண்டுமானால் வள்ளம் தண்ணீரின் மேலே எழும்பி ஓட வேண்டும். வலையும் ஐஸும் நான்கு ஆட்களும் இருக்கிற வள்ளத்தை 15 எச்.பி. எளிதில் எழுப்பாது. பின்பக்கம் தாழ்ந்து, அணியம் தூக்கி, பெட்ரோல் மட்டும் அதிகமாகப் போகும். தூரத்துக்குப் போகிற தொழில், அடி தட்டையான வள்ளம், குறைந்த சுமை என்றால் பெரிய மிஷினுக்குப் பொருள் உண்டு. கரைப் பக்கம் நண்டு வலை, சாளை வலை போடுகிறவருக்கு அது கடன்சுமைதான்.

எச்.பி.யை மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் மிஷின் தண்ணீருக்குள் இறங்குகிற தண்டின் நீளத்தைக் கேட்பதே இல்லை. 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவு பரவலாக வருகிறது. பின்பலகையின் மேல்விளிம்பில் இருந்து ஏராவின் அடி வரைக்கும் நடுவில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மாட்டிய பிறகு, காத்தாடிக்கு (வள்ளத்தைத் தள்ளுகிற புரொப்பெல்லருக்கு) மேலே படுக்கையாக இருக்கிற தகடு வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். தண்டு குட்டையானால் அலையில் காத்தாடி காற்றை உறிஞ்சி வெறுமனே கத்தும், அதுவும் அலை உடைகிற இடத்தில் கத்தினால் ஆபத்து. நெட்டையானால் இழுவை கூடும், மணலில் முதலில் தட்டும்.

பெட்டியோடு வந்த காத்தாடியையே கடைசி வரை ஓட்டுவதும் தவறு. 9.9 எச்.பி. டூ ஸ்ட்ரோக் மிஷின்கள் பலவற்றுக்கு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வர வேண்டும். வழக்கமான சுமையோடு ஓட்டி, மெக்கானிக்கிடம் மீட்டர் வாங்கிப் பாருங்கள். அதற்குக் கீழே இருந்தால் மிஷின் திணறுகிறது, பிட்ச் (ஒரு சுற்றில் காத்தாடி முன்னேறுகிற தூரம்) குறைந்த காத்தாடி வேண்டும். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும்.

மண்ணெண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் எடுக்கிற துணிச்சல் எனக்குப் புரிவதில்லை. பெட்ரோலுக்குச் செய்த மிஷினில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் குறைவு, அழுத்தம் கூடினால் முந்திக்கொண்டு வெடிக்கும், பிஸ்டன் உடையும். மண்ணெண்ணெய் மிஷின்களில் அழுத்தத்தைக் குறைத்தே செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட மிஷினையும் பெட்ரோலில் கிளப்பிச் சூடாக்கிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு வந்து கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை எரித்துவிட வேண்டும். பெட்ரோலோடு கலக்கிற ஆயில், டூ ஸ்ட்ரோக் படகு மிஷினுக்கான டிசி-டபிள்யூ3 என்று போட்டதாக இருக்கட்டும், பைக்குக்கு ஊற்றுகிற ஆயில் வேண்டாம். கலப்பு 50க்கு 1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். புது மிஷினுக்கு முதல் 10 மணி நேரம் இன்னும் கூடுதலாகக் கேட்கும், கையேட்டில் போட்டிருக்கிற அளவை அப்படியே செய்யுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் அது ஈரத்தை இழுக்கும். கேனை அரைகுறையாகத் திறந்து போட்டுவைத்தால் அடியில் தண்ணீர் தங்கி நடுக்கடலில் மிஷின் நிற்கும்.

கார்னெட் மணலை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கரையேறும்போது மிஷினைத் தூக்காமல் ஓட்டிக்கொண்டே வந்தால் தண்ணீர் பம்பு அந்த மணலைக் குடிக்கும். பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லரின் ரப்பர் இறக்கை தேய்ந்து, குளிர்த்தண்ணீர் ஏறாமல் மிஷின் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். மிஷினின் பக்கத்தில் பீய்ச்சுகிற தண்ணீர் மெலிகிறதா என்று தினமும் ஒரு பார்வை போதும். ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது, அன்றைக்கே கழற்ற வேண்டும்.

பழைய வள்ளம் வாங்குகிறவர்கள் பதிவைத் தங்கள் பெயருக்கு மாற்றாமல் விடுவது இன்னொரு தவறு. மிஷினில் அடித்த எண்ணும் பதிவுச் சான்றில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பார்த்து, மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

எரிபொருளை மூன்று பங்காக்கி, போக ஒன்று, வர ஒன்று, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷினை நிறுத்துகிற சிவப்புக் கயிறு ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். நிறையப் பேர் அதை மிஷினிலேயே சுற்றிவைத்துவிட்டுப் போகிறார்கள், ஆள் விழுந்த பிறகு வள்ளம் வட்டமடித்துத் திரும்பி அவர்மேலேயே வரும். இரண்டு பிளக், ஒரு ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்பேனர், துடுப்பு, ஆளுக்கொரு லைப் ஜாக்கெட். மிஷினுக்கு இரண்டு லட்சம் வரை புரட்டத் தயங்காத வீட்டில், ஜாக்கெட்டுக்கு மட்டும் அடுத்த சீசன் என்பார்கள். அதை முதல் நாள் சாமான்களோடு சேர்த்து வாங்குங்கள். கடலோரக் காவல் படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டு எண்ணையும் அணியத்தின் உள்பக்கம் அழியாத பெயிண்ட்டில் எழுதி வையுங்கள். வீட்டிலும் அடுக்களைச் சுவரில் ஒரு தடவை எழுதி வையுங்கள், நேரமாகியும் திரும்பாவிட்டால் முதலில் போன் எடுக்கப் போவது வீட்டில் இருப்பவர்கள்தான்.